நிழலுக்குப் பிறந்த செடிகள்

மாமரத்தடியில் எதை வைத்தாலும் பிழைக்கவில்லை, என்னதான் வைப்பது என்று போன மாதம் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் வீடு தேடி வந்து கேட்டார். ரோஜாவை விடுங்கள், குரோட்டன்ஸையும் விடுங்கள் என்றேன். காயா வைக்கலாம், வெட்சி வைக்கலாம், நடக்கிற வழியோரத்தில் மருள் வைத்தால் தண்ணீர்கூட அதிகம் கேட்காது, மரத்தின் மேலேயே காட்டுமல்லியை ஏற்றிவிடலாம், உதிர்ந்த சருகை மட்டும் கூட்டி அள்ளிவிடாதீர்கள் என்று மடமடவென்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் அசந்துபோய், "எங்க சார் கத்துக்கிட்டீங்க இதெல்லாம்?" என்றார். அவருக்கு நேர் எதிரே, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அப்போது, "யாருடா வந்திருக்கறது?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

இதையெல்லாம் நான் கற்றுக்கொண்டபோது எனக்குப் பத்து வயது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவன் நான்தான், ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். மற்ற எல்லாருக்கும் மரக்காணத்து உப்பளம்தான் பிழைப்பு. அப்பாவும் அம்மாவும் பாத்தியில் இறங்கி உப்பு வாருவார்கள். சித்தப்பா மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றிப்போவார். உப்பளத்து வெயில் மேலேயிருந்து மட்டும் அடிப்பதில்லை, கீழேயிருந்தும் அடிக்கும். காலையில் போகும்போது நன்றாக இருக்கிற கண் சாயங்காலம் திரும்பும்போது மிளகாய் பட்டதுபோல் இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான் என்பதால் அதை யாரும் வியாதி என்று சொல்லமாட்டார்கள்.

அந்த வருஷம் அம்மாவின் கண்ணில் ஓயாமல் தண்ணீர் வடிந்தது. சாயங்காலமானால் வாசலில் நிற்பது ஆளா ஆடா என்று கேட்கத் தொடங்கினாள். சித்தப்பாதான் அவளைப் பஸ்ஸில் ஏற்றிப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். திரும்பி வந்தபோது என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "மருந்து குடுத்திருக்காங்கடா, போட்டா சரியாப் போயிடும்" என்றார் சித்தப்பா. இன்னும் இரண்டு மூன்று வருஷம் அந்த உப்பு வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தால் இருக்கிற பார்வையும் போய்விடும், நிழலில் செய்கிற வேலையாகப் பார்க்கச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது எனக்குத் தெரிந்தது மீசை முளைத்த பிறகு. பத்து வயதுப் பையனைக் கூப்பிட்டு வைத்து இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

நிழல் என்பது எங்கள் ஊரில் முதலாளி வீட்டில்தான் இருந்தது. உப்பள முதலாளியின் வீட்டுக் கொல்லையில் மூன்று மாமரமும் இரண்டு புன்னையும் வானம் தெரியாமல் அடைத்துக்கொண்டு நிற்கும். முதலாளியம்மா கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். பச்சையைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு இந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. மரத்தடியில் ஒரு தோட்டம் போட வேண்டும் என்று பாண்டிச்சேரியிலிருந்து ரோஜா வரவழைத்தார். அது பூக்காமல் கொக்குக் கழுத்துபோல் நீண்டு செத்தது. குரோட்டன்ஸ் வரவழைத்தார், அது நிறம் வெளுத்து, இலை கொட்டி, ஒரு மாதத்தில் விறகாயிற்று.

சித்தப்பா மூட்டைக் கணக்கு சொல்லப் போன ஒரு நாள் என்னையும் கூட்டிப்போயிருந்தார். முதலாளியம்மா காய்ந்த செடியைப் பிடுங்கி வேலியோரம் எறிந்துகொண்டிருந்தார்.

"ரோசா வெயிலுக்குப் பொறந்ததுங்கம்மா. நெழலுக்குப் பொறந்த செடியைக் கொண்டாந்து வைக்கணும்" என்றார் சித்தப்பா.

"அது எங்கடா கெடைக்குது உங்க ஊர்ல? உப்பும் மணலும்தானே இருக்குது."

"இருக்குதுங்கம்மா. நான் கொண்டாறேன். ஆனா பார்த்துக்க ஆள் வேணும். எங்க அண்ணியைப் போட்டுக்குங்க."

முதலாளியம்மா கையிலிருந்த காய்ந்த செடியையும் எறிந்தார். "தை வரைக்கும் பார்க்கிறேன். செடி தழைச்சு நின்னுதுன்னா உங்க அண்ணி இங்கேயே தண்ணி ஊத்திக்கிட்டுக் கெடக்கட்டும், அளத்துக்குப் போக வேணாம்" என்றார். இதெல்லாம் என் காதில் விழத்தான் செய்தது. அந்தச் செடிகளில் அம்மாவின் கண் இருக்கிறது என்பது மட்டும் விழவில்லை.

நிழலுக்குப் பிறந்த செடி எங்கே இருக்கும்? நிழல் இருக்கிற இடத்தில்தான். எங்கள் பக்கத்தில் அப்படி ஓர் இடம்தான் உண்டு. ஊருக்கு மேற்கே ஐயனார் கோயிலைச் சுற்றி இருக்கிற காடு. நடுப்பகலிலும் உள்ளே ஈரமாக இருக்கும். மண் குதிரைகள் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் காட்டுக்குள் செருப்போடு போகக் கூடாது. ஒடிந்து விழுந்த சுள்ளியைக்கூட அடுப்புக்கு எடுத்துவரக் கூடாது. எடுத்தால் ஐயனார் கண்ணைப் பிடுங்கிக்கொள்வார். இதற்குச் சாட்சி வேறு இருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் கண் இல்லாத ஒருவர் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருப்பார். வண்டிக்கு நுகத்தடி வேண்டும் என்று காட்டில் ஒரு கிளையை வெட்டினார், மூன்றாம் நாள் இரண்டு கண்ணும் போயிற்று என்று சொல்வார்கள். பள்ளிக்கூடத்துக்கு அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். சின்ன வயதில் அம்மை போட்டு அவிந்த கண் அது என்று அவரே பிற்பாடு என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். அதற்குள் நான் பட வேண்டிய பயமெல்லாம் பட்டு முடித்திருந்தேன்.

ஐப்பசி மழை பிடித்து உப்பளம் மூடியதும் சித்தப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பூசாரியிடம் போனார். பூசாரி காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான்.

"ஏம்பா, காஞ்ச சுள்ளி எடுத்தது கெடையாது இந்தக் காட்டுல. செடியை வேரோட எடுத்துக்கன்னு நான் எப்படிச் சொல்றது?"

"நீங்க சொல்ல வேணாங்க. சாமியைக் கேட்டுடுவோம். பூக்கட்டிப் பார்த்துடலாம்."

பூக்கட்டிப் பார்ப்பது என்றால், ஓர் இலையில் வெள்ளைப் பூவும் இன்னொன்றில் சிவப்புப் பூவும் வைத்து, அடையாளம் தெரியாமல் ஒரே மாதிரி மடித்து, சாமி காலடியில் போட்டுக் குலுக்கி, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறார். சிவப்பு வந்தால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பெண் பார்க்க, கிணறு வெட்ட, எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் இப்படித்தான் உத்தரவு கேட்பார்கள்.

பூசாரி விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். சித்தப்பா திரும்பி உட்கார்ந்து, பூவரச இலையில் அரளிப்பூவை மடித்து நாரால் கட்டினார். "இவன் எடுக்கட்டுங்க. எங்க வீட்டுலயே பள்ளிக்கூடம் போற கை. சூது வாது தெரியாது" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. கண்ணை மூடி ஐயனாரை நினைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தேன். பூசாரி பிரித்தார். வெள்ளை. மணியை ஆட்டினார்.

"உத்தரவு ஆயிடுச்சுப்பா. ஆனா அளவா எடு."

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, குளத்தில் விட்டுவிட வேண்டும் என்பது முறை. சித்தப்பா அதை என் கையில் கொடுத்து, "போட்டுட்டு வா. பிரிச்சுக்கிரிச்சுப் பார்க்காத" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் பிரித்திருக்கமாட்டேன்.

குளத்தங்கரையில் நாரை அவிழ்த்தேன். அதிலும் வெள்ளைப் பூதான்.

கையை உதறினேன். இலை ஒரு பக்கம் போயிற்று, பூ தண்ணீரில் விழுந்து என்னைப் பார்த்து மிதந்தது. ஒரு கல்லை எடுத்து அதன்மேல் போட்டேன். முங்கிவிட்டு மறுபடி மேலே வந்தது. இன்னொரு கல் போட்டேன். மறுபடியும் வந்தது. பூவை மாற்றியது சித்தப்பா. ஆனால் சாமியின் முகத்துக்கு நேரே கையை நீட்டி எடுத்தவன் நான். ஐயனார் யாரைப் பிடிப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சித்தப்பா அதற்குள் சாக்கும் கடப்பாரையுமாகக் காட்டுக்குள் இறங்கிவிட்டிருந்தார். நான் அவர் முதுகை ஒட்டியே போனேன். அவரோ பெண் பார்க்க வந்தவர்போல ஒவ்வொரு செடியாக உட்கார்ந்து பார்த்தார். வெயில் பொட்டுகூட விழாத இடத்தில் தானாக முளைத்ததா, பெரிய மரத்தின் வேர் பின்னிக் கிடக்கிற மண்ணில் நிற்கிறதா, இலை கரும்பச்சையாக இருக்கிறதா என்று பார்த்தார். முழங்காலுக்கு மேல் வளர்ந்ததைத் தொடவில்லை. "வளந்ததைப் பேத்தா வேர் அறுந்துடும். சின்னதுதான் போற எடத்துல ஒட்டும்" என்றார். காயாவில் மூன்று, வெட்சியில் மூன்று, கத்தியைப்போல் நிமிர்ந்து நிற்கும் மருளில் நான்கு, காட்டுமல்லிக் கொடி இரண்டு. தாய்மண்ணோடு பெயர்த்து ஈரச் சாக்கில் சுற்றினார். வழியில் காந்தள் பூ நெருப்புபோல் பூத்திருந்தது. எங்கள் பக்கத்தில் அதைக் கண்வலிப்பூ என்பார்கள். அதை மட்டும் பார்த்துவிட்டு, "இது வேணாம். அண்ணி கண்ணுக்கு நேரா இந்தப் பேர்ல ஒண்ணு எதுக்கு?" என்று தாண்டிப் போனார். சாமியையே ஏமாற்றிவிட்டு ஒரு பூவுக்குப் பயப்படுகிறாரே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முதலாளியம்மா வீட்டில் காயாவைப் பின்னால் வைத்தார், வெட்சியை நடுவில் வைத்தார், வழியோரம் மருள், மாமரத்தின் காலில் மல்லி. சருகைக் கூட்டச் சொன்ன முதலாளியம்மாவிடம், "அது குப்பை இல்லிங்கம்மா, அதுங்களுக்குச் சோறு" என்று சொல்லிச் செடியைச் சுற்றி இன்னும் அள்ளிப் போட்டார். எதற்கு என்ன பேர் என்று தெரிய வேண்டும் என்றார் முதலாளியம்மா. எங்கள் வீட்டிலேயே எழுதத் தெரிந்தவனைக் கூப்பிட்டார்கள். உப்பு மூட்டையில் எழுத்துப் போடுகிற கறுப்பு மையைத் தொட்டு, செடிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு மூங்கில் சிம்புகளில் பேரை எழுதி நட்டேன். ஐயனார் ஞாபகம் வந்ததில் ஒரு 'காயா'வுக்குத் துணைக்கால் கோணிக்கொண்டது.

அதற்குப் பிறகு அம்மா அந்த நிழலில்தான் இருந்தாள். மழை இல்லாத நாளில் தண்ணீர் ஊற்றுவாள், களை எடுப்பாள். சாயங்காலம் வந்தால் முகம் சிவந்திருக்காது. நானோ தினமும் காலையில் எழுந்ததும் அவள் முன்னால் போய் நின்று விரலைக் காட்டுவேன்.

"எத்தனைன்னு சொல்லும்மா."

"மூணு. என்னடா, டாக்டர் வேலைக்குப் படிக்கிறியா?"

"இப்போ?"

"ஒதை. நீ எத்தனை வாங்கப்போறேன்னுதான் தெரியல."

அம்மா சிரிப்பாள். நான் சிரித்ததில்லை. ஐயனார் என் கண்ணைப் பிடுங்குவார் என்றுதான் முதலில் பயந்தேன். நாளாக ஆகத்தான் வேறு ஒன்று உறைத்தது. அந்தச் செடியைத் தினமும் தொடுகிறவள் அம்மா.

மார்கழியில் ஒரு நாள் காலை அம்மா பாயில் உட்கார்ந்தபடியே, "டேய், இங்க வாடா, கண்ணைத் தெறக்க முடியலடா" என்று கூப்பிட்டாள். இரண்டு இமையும் வீங்கி, பீளை கட்டி, ஒட்டிக்கொண்டிருந்தன. நான் விரலைக் காட்டவில்லை. ஊரில் அப்போது பாதிப் பேருக்குக் கண்வலி. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவனுக்கு இருந்தது; பூசாரிக்கே இருந்தது. அதையெல்லாம் நான் பார்த்தேன். பயம் பிடித்தவனுக்குக் கண் தெரியுமே தவிர, பார்த்தது மண்டைக்குள் ஏறாது.

சித்தப்பாவிடம் ஓடினேன். மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, அன்னிக்கு அந்த இன்னொரு பொட்டலத்துல என்ன பூ இருந்துச்சி?"

வைக்கோல் போடுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார். "செவப்புதான். வேற என்ன இருக்கும்?" என்றார். பிறகு, "போயி அம்மாவுக்குக் கண்ணுல தாய்ப்பால் ஊத்த அடுத்த வூட்டு அக்காவைக் கூப்பிடு" என்று திரும்பிக்கொண்டார்.

அவரை நம்பிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. செய்ய வேண்டியதை நானே செய்ய வேண்டும். மூன்றாம் நாள் வந்தது. கடலைக்காரருக்கு மூன்றாம் நாள்தான் கண் போனது. ஞாயிற்றுக்கிழமை. முதலாளி வீட்டில் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் படுக்கிற நேரம் பார்த்து வேலி இடுக்கில் நுழைந்தேன். காலையில் பெய்த தூறலில் மண் பதமாக இருந்தது, இழுத்ததும் வந்தது. இரண்டு மாதத்தில் எல்லாம் பிடித்துக்கொண்டிருந்தன. காயாவில் புதுக்கொழுந்து. மல்லி மரத்தின்மேல் ஒரு முழம் ஏறியிருந்தது. அதைப் பிய்த்து எடுக்கும்போது பட்டையில் ஒட்டிய வேர் படபடவென்று அறுந்தது. பன்னிரண்டையும், பன்னிரண்டு மூங்கில் சிம்பையும் புத்தகப் பையில் திணித்துக்கொண்டு ஓடினேன்.

உச்சிப்பொழுதில் யாரும் அந்தக் காட்டுக்குப் போகமாட்டார்கள். ஐயனார் குதிரையை விட்டு இறங்கி நடக்கிற நேரம் என்பார்கள். ஒரு குருவிச் சத்தம் இல்லை. மண் குதிரைகளின் முன்னால் போகாமல் முதுகுப் பக்கமாகவே குனிந்து போனேன். என் மூச்சே எனக்குப் பின்னால் யாரோ வருகிறதுபோல் கேட்டது. சித்தப்பா பெயர்த்த குழிகள் தூர்ந்துபோயிருந்தன. விரலால் பறித்துப் பறித்து ஒவ்வொன்றாக நட்டேன். எது எது என்று சாமிக்குக் குழப்பம் வரக் கூடாது என்று அதனதன் பக்கத்தில் சிம்பையும் குத்தினேன். "எல்லாம் திருப்பிக் குடுத்துட்டேன். பார்த்துக்க. எங்க அம்மா பூ மாத்தல" என்று சத்தமாகச் சொன்னேன். சொன்ன சத்தம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு வீடு வரும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அம்மாவைக் கையைப் பிடித்து நான்தான் தோட்டத்துக்கு அழைத்துப்போனேன். ஒரு கண் கொஞ்சம் திறந்திருந்தது. வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவள் அப்படியே நின்றாள். பிறகு குனிந்தாள். முகம் மண்ணைத் தொடுகிற அளவு குனிந்து, அந்த ஒரு கண்ணால் குழிகளைப் பார்த்தாள். ஈரமண்ணில் குழிக்குக் குழி போயிருந்த சின்னக் கால்தடங்களைப் பார்த்தாள். நிமிர்ந்து என் காலைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் மண். நான் காலை ஒன்றின்மேல் ஒன்று வைத்துக்கொண்டேன்.

அம்மா குழிகளுக்கு நடுவே நடந்து, காலை இழுத்து இழுத்து மண்ணைச் சமப்படுத்தினாள். சுவரோரம் மண்வெட்டி சாய்ந்திருந்தது. அதை எடுக்காமல் ஏன் காலால் தேய்க்கிறாள் என்று நினைத்தேன். கண் தெரியவில்லை, பாவம் என்று நினைத்தேன்.

முதலாளியம்மா தூங்கி எழுந்து வந்தார்.

"என்னடி இது?"

"பன்னி பூந்துடுச்சிங்கம்மா."

"பன்னியா? ஒண்ணு விடாமலா?"

"கெழங்குன்னு நெனச்சி நோண்டிட்டு இருக்குதுங்க. காலையில படலை நான்தான் சரியாச் சாத்தலிங்கம்மா. கண்ணு தெரியல."

முதலாளியம்மா மல்லி ஏறியிருந்த மரப்பட்டையைத் தடவிப் பார்த்தார். கோபத்தைவிட அழுகைதான் அவர் முகத்தில் இருந்தது. "கொழுந்து வுட்டிருந்துச்சேடி நேத்து" என்றார். "இந்த மண்ணுக்கு இதெல்லாம் ராசி இல்ல. சிமெண்ட் போட்டுடறேன். தை பொறந்தா நீ அளத்துக்கே போயிடு." அம்மா, "சரிங்கம்மா" என்றாள். வரும்போது என் கையை அவள்தான் பிடித்துக்கொண்டிருந்தாள், கொஞ்சம் இறுக்கமாக.

நான்காம் நாள் அவள் கண் தெளிந்தது. ஆறாம் நாள் வீக்கமே இல்லை. பூசாரிக்கும், பள்ளிக்கூடத்தில் என் பக்கத்துப் பையனுக்கும் அதே வாரம்தான் தெளிந்தது. அதை நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் கண்ணை உச்சிப்பொழுதில் தனியாகப் போய் மீட்டுக்கொண்டு வந்தவன் நான். வெளியில் சொல்லத்தான் முடியவில்லை. விரலைக் காட்டினேன், சரியாகச் சொன்னாள். அன்றைக்குத்தான் அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

போகியன்று விடியற்காலையில் வாசலில் பழைய பாயையும் கிழிந்த முறத்தையும் போட்டு அப்பா நெருப்பு மூட்டினார். பொங்கல் முடிந்ததும் உப்பளத்தில் பாத்தி மிதிக்கத் தொடங்குவார்கள். முகத்தில் சுற்றிக்கொள்கிற துணியை அம்மா முதல் நாளே துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். நாங்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா வண்டியை அவிழ்த்துவிட்டு வந்தார். துண்டில் எதையோ சுற்றி வைத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அண்ணி, கோயில் காட்டுல கெடந்துச்சி. இதையும் போட்டுடுங்க."

அம்மா துண்டைப் பிரித்தாள். மூங்கில் சிம்புகள். நான் காட்டில் குத்திவிட்டு வந்தவை. அவள் ஒவ்வொன்றாக எடுத்து, நெருப்பு வெளிச்சத்தில் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, அந்தக் கறுப்பு எழுத்தின்மேல் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். காயா. வெட்சி. மருள். பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக நெருப்பில் போட்டாள். துணைக்கால் கோணியிருந்ததை மட்டும் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுப் போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பனியா இருக்குதுடா, கிட்ட வந்து உக்காரு" என்றாள்.

கிட்டப் போய் உட்கார்ந்தேன். நல்லவேளை, அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, நிம்மதியாகக் கையைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.